மேட்டுக் கம்பத்துப் பெட்டி

சல்கினாய் முன்பு ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலையில் இருந்தாள். தலாஸ் நகரத்தில் பஜாருக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் உட்கார்ந்து, யாருக்கு வண்டி முதலில் போக வேண்டும் என்று முடிவு செய்வாள். வண்டிகள் கொஞ்சம், கூப்பிடுகிறவர்கள் நிறைய. போனில் தொண்டை கிழியக் கத்துகிறவனுக்குப் பெரும்பாலும் மணிக்கட்டுதான் பிசகியிருக்கும். உண்மையிலேயே உயிருக்குப் போராடுகிறவர்கள் வீட்டிலிருந்து வரும் குரல் சில சமயம் தொந்தரவு கொடுக்கிறோமே என்கிற மாதிரி தயங்கித் தயங்கி வரும். அப்படி ஒரு பெண், "பரவால்ல, நான் காத்திருக்கேன்" என்று சொன்னாள். சல்கினாய் அவளைக் காத்திருக்கவும் வைத்தாள். அந்தப் பெண்ணின் கணவன் பிழைத்துக்கொண்டான், ஆனால் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. யாரும் சல்கினாயைக் குற்றம் சொல்லவில்லை. அன்றைக்குச் சாலையில் இரண்டு விபத்துகள், எல்லோருக்கும் தெரியும். அவளும் அதைத் தன் கணவன் குபாத்திடம் ஒருமுறை சொன்னதோடு சரி.

பிறகு அந்த அலுவலகத்தை மூடி, அழைப்புகளையெல்லாம் பெரிய நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சல்கினாய் வீட்டில் இருந்தாள். கோக்-அர்ச்சா கிராமம் குபாத்தின் ஊர். வாழ்க்கைப்பட்டு வந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிக்கும் வயது ஆகியும், ஊர்ப் பெரியவர்களுக்கு அவள் இன்னும் 'கெலின்'தான், மருமகள்தான். இளையவர்களுக்கு 'எஜே', அக்கா. குபாத் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். மனைவி சும்மா இருந்து மனம் வெதும்புவதைப் பார்த்துவிட்டு, தண்ணீர்ச் சங்கத் தலைவர் ஒரோசாலியிடம் போய்ச் சொன்னவன் அவன்தான்.

ஒரோசாலி ஒரு காலத்தில் மல்யுத்த வீரர். இப்போது வயிறு முன்னால் வர, ஆள் பின்னால் வருவார். யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுவது அவர் சுபாவம். சங்கத்துக்கு அப்போதுதான் புதிய கருவிகள் வந்திருந்தன. ஆறு மலையிடுக்கை விட்டு வெளியே வரும் இடத்தில் கால்வாயின் தலைமதகுக்கு மோட்டார். பக்கத்தில், வேண்டாத தண்ணீரை ஆற்றுக்கே திருப்பும் கலிங்குக்கும் மோட்டார். மலையிடுக்குக்கு உள்ளே ஆற்று மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு பெட்டி. கால்வாய் நெடுகிலும் மட்டம் பார்க்கும் பெட்டிகள், பீன்ஸ் வயல்களில் மண்ணின் ஈரம் பார்க்கும் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பம், சின்னதாக ஒரு சோலார் தகடு, ஒரு பாட்டரி, ஒரு ஆன்டெனா. மலைப் பக்கம் போன் எடுக்காது. அதனால் ஒரு பெட்டி சொல்வதை அடுத்த பெட்டி வாங்கி அதற்கடுத்ததிடம் சொல்லும். அப்படியே கைமாறிக் கைமாறி சங்கத்து கம்ப்யூட்டருக்கு வரும். மதகுக்குப் போகும் கட்டளையும் அதே வழியில்தான் திரும்பிப் போகும்.

"நீ போன்ல உக்காந்து பழகினவ. இதுங்களும் போன் மாதிரிதான், வாய்தான் இல்ல" என்று சொல்லி ஒரோசாலி அவளுக்கு வேலை கொடுத்தார். பெட்டிகளை நிறுவிய பொறியாளர் எர்மெக் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்து சில வாரம் தங்கிச் சொல்லிக்கொடுத்தார். பொறுமையான மனிதர். அவர் போன பிறகும் சந்தேகம் வந்தால் போனில் கேட்டுக்கொள்வாள்.

ஒரோசாலிக்கு வாக்குக் கொடுப்பதில் வாய் ஓய்ந்ததே இல்லை. வயல்காரர்கள் எல்லோருக்கும் அவரவர் மண்ணின் ஈரம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அவரவர் போனில் வரும் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார். எல்லோருக்கும் ஒரே அளவு, பெரிய வீடு சின்ன வீடு என்ற பேச்சே கிடையாது என்றார். சல்கினாய்க்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆம்புலன்ஸ் மேசையில் அத்தனை வருடம் ஒருவரை முன்னே தள்ளி ஒருவரைப் பின்னே தள்ளிச் சலித்துப்போனவளுக்கு, எல்லோருக்கும் சமம் என்ற வார்த்தையே வெந்நீர் ஒத்தடம் மாதிரி இருந்தது. அப்படியே அமைத்துவிட்டாள்.

அடுத்த வருடம் மே மாதம், பீன்ஸ் இரண்டிலை விட்டிருந்த சமயம், மலையில் மழை கொட்டி ஆற்றில் சேற்று வெள்ளம் வந்தது. பெரிய வெள்ளம் இல்லை. ஆனால் தலைமதகு மூடுவதற்குள் சேறும் கல்லும் கால்வாய்க்குள் புகுந்து நிரம்பிவிட்டது. ஊரே மண்வெட்டியோடு இறங்கி வாரக்கணக்கில் அள்ளியது. அதுவரை வயலுக்குத் தண்ணீர் இல்லை. கால்வாயின் கடைசியில் இருந்த வயல்களில் மறுபடியும் விதைக்க வேண்டியதாயிற்று. மோட்டார் மட்டரகம் என்றார்கள், மதகுப் பலகை கோணல் என்றார்கள், பிஷ்கெக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்றார்கள்.

சல்கினாய் கம்ப்யூட்டரில் பார்த்தாள். மலையிடுக்குப் பெட்டி வெள்ளத்தைச் சரியான நேரத்தில் பார்த்துச் சரியான நேரத்தில் சொல்லியிருந்தது. அந்தச் செய்திதான் வழியில் மாட்டிக்கொண்டது. எல்லாப் பெட்டிகளும் ஒரே காற்றில் பேசுகின்றன. இரண்டு ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் குழம்பி, இரண்டும் மறுபடி பேச வேண்டும். அன்றைக்கு ஊரில் இருந்த அத்தனை வயலும் 'என் மண் ஈரமாக இருக்கிறது, என் மண் ஈரமாக இருக்கிறது' என்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருக்க, வெள்ளம் வருகிறது என்ற ஒற்றைச் சொல் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறது.

அன்று வீட்டுக்குப் போனதும் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். குபாத் காரணம் கேட்டான். "யாரையும் காக்க வைக்கலன்னு நெனச்சேன். எல்லாரையும் காக்க வெச்சிருக்கேன்" என்றாள்.

மறுநாள் எர்மெக்கைக் கூப்பிட்டாள். அவருக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. எந்தச் செய்தி எவ்வளவு தாமதத்தைத் தாங்கும், எது வழியில் தொலைந்தால் பரவாயில்லை, எது தொலையவே கூடாது என்பதை மட்டும் ஊரில் இருக்கிறவர்கள்தான் சொல்ல முடியும், சொன்னால் அதற்கேற்றபடி தான் அமைத்துத் தருவதாகச் சொன்னார். இருவரும் உட்கார்ந்து பிரித்தார்கள். மலையிடுக்குப் பெட்டியும் மதகுக் கட்டளையும் எல்லோருக்கும் முன்னால். அவை போய்ச் சேர்ந்ததா என்று பதில் வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்தது கால்வாய் மட்டம். வயல் ஈரம் கடைசி. அதுவும் ஒரு நாளைக்குச் சில தடவை மட்டும், மற்ற நேரம் பெட்டி தூங்கி பாட்டரியை மிச்சம் பிடிக்கட்டும்.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. தெமிர்குல் என்பவரின் வயலோரத்தில் ஒரு மேடு. ஆற்றின் இந்தப் பக்கத்தில் மலையிடுக்கு, தலைமதகு, ஊர் மூன்றும் தெரிகிற ஒரே இடம் அதுதான். அந்த மேட்டுக் கம்பத்துப் பெட்டி வழியாகத்தான் மலையும் மதகும் ஊரோடு பேச முடியும். எல்லோருடைய சுமையையும் தூக்கி, இரண்டு நாள் மேகம் போட்டால் அதன் பாட்டரி படுத்துவிடும். அதன் சுமையைக் குறைக்க இருந்த ஒரே வழி, தெமிர்குல்லின் சொந்த வயல் ஈரத்தை அது பார்ப்பதையே நிறுத்துவது. மண்ணுக்குள் இருந்த ஈரக் கருவிதான் மின்சாரத்தை அதிகம் குடித்தது.

தெமிர்குல் லாரி ஓட்டி ஓய்ந்தவர், சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கியவர். சண்டைக்குத் தயாராகத்தான் சல்கினாய் அவர் வயலுக்குப் போனாள். அவர் குதிரையின் லாடத்தைச் சரிபார்த்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டார். ஊர் நன்மைக்காக அவர் பெட்டி மற்றவர்கள் பேச்சைச் சுமக்கட்டும், ஆனால் அவர் வயலைப் பற்றி அது பேச வேண்டாம், அப்படித்தானே என்று ஒருமுறை திருப்பிக் கேட்டார். அவ்வளவுதான். சரி என்று தலையை ஆட்டினார். இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று அவள் திரும்பி வந்தாள்.

அந்த வாரம் முடிவதற்குள் மலையிடுக்கும் மதகும் கம்ப்யூட்டரிலிருந்து காணாமல் போயின. குபாத்தின் பழைய ஜிகுலி காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், மேட்டில் கம்பம் மட்டும் மொட்டையாக நிற்கிறது. பெட்டி தெமிர்குல் வீட்டு அலமாரி மேல், பூப்போட்ட தலைத்துணியில் சுற்றி, பெண் வீட்டுக்குக் கொண்டுபோகும் சீர்ப் பொட்டலம் மாதிரி இருந்தது.

"பைகே, அதக் கழட்டக் கூடாது" என்றாள். மூத்த ஆண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"என் மேடு. என் கம்பம். ஊருக்குப் பேசற பொட்டி எனக்குப் பேசாதுன்னா, அது எங்க வீட்டுல விருந்தாளியா இருந்துட்டுப் போகட்டும்" என்றார் தெமிர்குல். "நீ ஆம்புலன்சுலயும் இப்படித்தானாம். யாருக்கு வண்டி வேணும்னு நீயே முடிவு பண்ணுவியாம்."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பெட்டியில் கை வைக்கிறவர்களுக்கு அபராதம் என்று ஒரோசாலி முன்பே சொல்லியிருந்தார், அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் தெமிர்குல்லின் மனைவி பூபுசாரா வந்து அவளைக் கையைப் பிடித்து மேசையில் உட்கார வைத்துவிட்டாள். தேநீர், ரொட்டி, பாலேடு எல்லாம் வந்தது. வீட்டுக்கு வந்தவளைச் சும்மா அனுப்பும் வழக்கம் அந்த வீட்டில் சண்டை நேரத்திலும் இல்லை. தெமிர்குல் குதிரையைப் பார்க்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டார். அவர் போகட்டும் என்றுதான் பூபுசாராவும் காத்திருந்தாள் போலிருக்கிறது.

விஷயம் இதுதான். மகன் உலார்பெக் நோவோசிபிர்ஸ்க்கில் கட்டட வேலைக்குப் போய் வருடங்கள் ஆகின்றன. போகக் கூடாது என்று அப்பா, போயே தீருவேன் என்று மகன். பேசக் கூடாததைப் பேசி, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டான். அம்மாவோடு மட்டும் பேசுவான். அப்பாவும் மகனும் பேசியது இல்லை. போன வருடம் பெட்டி வந்தபோது, பூபுசாராவுக்கு அந்தப் போன் சமாச்சாரம் புரியாமல் மகனிடம் கேட்க, அவன் வயல் ஈரம் தன் போனுக்கே வரும்படி வைத்துக்கொண்டான். ஒரு நாள் திடீரென்று அப்பாவின் போனுக்கே கூப்பிட்டு, கீழ்ப்பக்கம் காய்கிறது, தண்ணீர் விடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். மறுநாளும் கூப்பிட்டான். அதிலிருந்து தினமும். ஈரத்தைத் தவிர வேறு பேச்சு இல்லை, இருந்தாலும் குரல் கேட்டது.

"பொட்டி வாய மூடினதும் அவனும் வாய மூடிட்டான்" என்றாள் பூபுசாரா. "எதச் சொல்லிக் கூப்பிடுவான்? இவரும் அந்த நேரம் வந்தா போனக் கையில வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறாரு. கேட்டா சிக்னல் பாக்கறேங்கறாரு."

சல்கினாய் தேநீரைக் குடித்து முடித்தாள். அபராதப் பேச்சை எடுக்கவில்லை. ஈரக் கருவியை மறுபடி முடுக்கிவிட்டால் மேட்டுப் பாட்டரி படுக்கும், மலை ஊமையாகும். விடாவிட்டால் இந்த வீடு ஊமையாகும். பூபுசாராவிடம் உலார்பெக்கின் எண்ணை வாங்கிக்கொண்டாள்.

அவன் வேலையிடத்தில் இருந்தான், பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்து ஒரு எஜே கூப்பிடுகிறாள் என்றதும் பயந்துபோய், அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டான். இல்லை, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, வயல் ஈரத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்ப்பாய் என்று கேட்டாள்.

"ஒரு தடவைதான் எஜே. மத்தியானத்துக்கு முன்னாடி டீக்கு விடுவாங்க, அப்ப பாப்பேன். மத்த நேரம் கை பூரா சிமென்ட்டு."

"ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்துக்கிட்டிருந்ததே, அது?"

"வந்துச்சு. யாரு பாத்தா?"

சல்கினாய்க்குச் சிரிப்பு வந்தது, கூடவே தன் மேல் எரிச்சலும் வந்தது. இந்த ஒரு கேள்வியை முதலிலேயே ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கலாம். அவனுடைய டீ நேரத்துக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு தடவை கருவி கண்விழித்து ஈரம் பார்க்கும், அந்த ஒன்று கட்டாயம் வந்து சேர்வதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். ஒன்றைப் பாட்டரி தாங்கும். மேகமோ வெள்ளமோ வந்தால் மட்டும் வராமல் போகலாம்.

"வரலன்னா?"

"வரலன்னா உங்கப்பாவக் கேளு. அவருக்கும் மண்ணத் தொட்டுப் பாக்கத் தெரியும்."

"அவரு சொல்லுவாரா எஜே?" என்றான்.

"எனக்கெப்படித் தெரியும்? நான் பொட்டி பாக்கறவ."

மறுநாள் தெமிர்குல்லே ஏணி வைத்து ஏறிப் பெட்டியை மாட்டினார். உலார்பெக் அம்மாவிடம் சொல்லி, பூபுசாரா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். திருகாணியை முறுக்கும்போது, லாரி ஓட்டின கைக்கு இதெல்லாம் ஊசி வேலை மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தார்.

அதன்பின் சல்கினாய் வயல் வயலாகப் போய் அதே கேள்வியைக் கேட்டாள். எத்தனை தடவை பார்க்கிறீர்கள், எவ்வளவு தாமதமாக வந்தால் உங்களுக்குக் கெடுதல் என்று. ஒருவர் காலையில் மாடு கறக்கும்போது பார்த்தால் போதும் என்றார். ஒருவர் எப்படிப் பார்ப்பது என்றே இதுவரை தெரியாது என்றார். சோங்கோய் என்ற கைம்பெண், தன் வயலைத் தான் பார்ப்பதே இல்லை என்றும், பக்கத்து வயல்காரன் ராத்திரியில் தண்ணீர் திருடுகிறானா என்று அவன் வயலின் ஈரத்தைத்தான் பார்ப்பதாகவும் கூச்சமில்லாமல் சொன்னாள். பக்கத்து வயல்காரனைக் கேட்டபோது அவனும் சோங்கோயின் வயலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் அவள் ஒரே நேரத்தில், காலையில் ஒரு தடவை, ஒருவர் கணக்கை ஒருவருக்கு அனுப்பி வைத்தாள்.

எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரோசாலியிடம் போய் முறையிட்டவர்கள் உண்டு. "நான் குடுத்த வாக்கெல்லாம் நீ ஒவ்வொண்ணா வாங்கிட்டுப் போறே, கெலின். அடுத்த தேர்தல்ல நான் என்னத்தக் குடுப்பேன்?" என்று அவர் அங்கலாய்த்தார். ஆனால் மே மாதத்தில் அவரும் சேறு அள்ளியவர். முதுகு இன்னும் வலிக்கிறது. அதனால் தடுக்கவில்லை.

ஜூலையில் பீன்ஸ் பூத்து ஊரே வெள்ளையாகக் கிடந்தது. ஒரு பிற்பகல், ஊரில் சுள்ளென்று வெயில், மலையிடுக்குக்கு மேலே மட்டும் மேகம் இருண்டு நின்றது. சல்கினாய் அலுவலகத்தில் மக்சிம் குடித்துக்கொண்டிருந்தாள். வறுத்த தானியத்தில் புளிக்க வைத்த அந்தப் பானம் இல்லாமல் அங்கே கோடை நகராது. குவளையைக் கீழே வைப்பதற்குள் மலையிடுக்குப் பெட்டியின் செய்தி வந்துவிட்டது. ஆறு ஏறுகிறது, வேகமாக ஏறுகிறது. தலைமதகு தானாகவே இறங்கத் தொடங்கியது. கலிங்கு திறக்கத் தொடங்கியது.

பாதியில் மதகு நின்றது. கீழே ஏதோ சிக்கியிருக்கிறது என்று அதன் மோட்டார் சொன்னது. வெள்ளத்தின் முன்னால் அடித்து வந்த மரமாக இருக்கும். கொஞ்சம் தூக்கி, தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போகவிட்டு, மறுபடி இறக்க வேண்டும். ஒரு கட்டளை தாமதித்தாலும் சேறு உள்ளே வந்துவிடும். மேட்டுக் கம்பம் மேகத்துக்குள் போயிருந்தது. மதகின் செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லியே அதன் பாட்டரி கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் முதலில் வயல்களையெல்லாம் நிறுத்தினாள். அதுவும் போதவில்லை. கால்வாய் மட்டம் பார்க்கும் பெட்டிகளையும் நிறுத்தினாள். இனிமேல் கீழே கால்வாய் உடைந்தாலும் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் இருக்கும் ஒரு மிடறு சக்தியை மதகுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். தூக்கு என்று அனுப்பினாள். தூக்கினேன் என்று பதில் வந்தது. இறக்கு என்றாள். நின்றது. மறுபடி தூக்கு.

இதற்குள் அவளுடைய போன் அடிக்கத் தொடங்கியது. பிற்பகலில் வர வேண்டிய ஈரம் போனில் வரவில்லையே என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஆம்புலன்ஸ் மேசையில் பழகிய குரலில், எடுத்தவுடன், "கேக்குது. மேல வெள்ளம். கால்வாய்ப் பக்கம் யாரும் போகாதீங்க" என்று மட்டும் சொல்லிச் சொல்லி வைத்தாள். மூன்றாவது தடவை மதகு தடையில்லாமல் இறங்கி அடியில் உட்கார்ந்தது. மூடிவிட்டேன் என்ற பதில் வந்தது. அதற்குச் சற்றுப் பின்னால் மேட்டுப் பெட்டி செத்துப்போனது. திரையில் மலை, மதகு, ஆறு எதுவும் இல்லை.

ஜிகுலியில் அவள் தலைமதகுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை அங்கும் வந்துவிட்டிருந்தது. தெமிர்குல் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார், தொப்பி முதல் செருப்பு வரை நனைந்து. மதகு மூடியிருந்தது. கால்வாயில் முழங்கால் அளவு கலங்கல் தண்ணீர், அவ்வளவுதான். வெள்ளம் முழுவதும் கலிங்கு வழியாக, கறுத்துத் திரண்டு, கல் உருளும் சத்தத்தோடு ஆற்றங்கரைப் புல்வெளி மேல் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் புல்வெளி தெமிர்குல்லுடையது. கலிங்கு திறந்தால் அதன் மேல்தான் போகும் என்பது சல்கினாய்க்குத் தெரியும். அது வெறும் புல்தானே, மறுபடி முளைக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அவர் முந்தின நாள்தான் அதை அறுத்துக் காய்வதற்குப் போட்டிருந்தார். குளிர்காலம் முழுவதற்கும் குதிரைக்கும் மாடுகளுக்கும் அதுதான் தீவனம். இப்போது அங்கே புல் இல்லை, சேறுதான் நகர்ந்துகொண்டிருந்தது.

"அறுத்துப் போட்டிருந்தீங்களா பைகே" என்றாள்.

"ஆமா."

"எனக்குத் தெரியாது."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்சிருந்தா தெறந்திருக்க மாட்டியா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெறந்திருப்பேன்" என்றாள்.

"அப்புறம் என்ன" என்றார் தெமிர்குல். பிறகு தன் நனைந்த மேல்கோட்டைக் கழற்றி அவள் தலைக்கு மேல் பிடித்தார். இரண்டு பேரும் ஏற்கெனவே முழுக்க நனைந்திருந்ததால் அதில் ஒரு பயனும் இல்லை, ஆனாலும் காருக்குப் போகும்வரை பிடித்துக்கொண்டே வந்தார்.

அந்த வருடம் ஊரில் பீன்ஸ் நன்றாக விளைந்தது. தெமிர்குல் வீட்டுத் தீவனத்துக்கு ஊரே அஷார் போட்டது. யாராவது வீடு கட்டினால் எல்லோரும் சேர்ந்து கை கொடுப்பார்களே, அதேபோல வீட்டுக்கு ஒரு வண்டி புல் வந்து இறங்கியது. சோங்கோயும் அவள் பக்கத்து வயல்காரனும் யார் வண்டி பெரியது என்று வாசலிலேயே சண்டை போட்டார்கள். சல்கினாய் தன் பங்கைக் குபாத்தோடு தானே ஏற்றிக்கொண்டு வந்தாள். கொடுத்ததால் மனம் முழுவதும் ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒருவருடைய வயலைக் காப்பாற்ற இன்னொருவருடைய புல்லைக் கொடுத்தவள் தான்தான் என்பது அவளுக்கு நினைவிருந்தது. அதை மறக்கக் கூடாது என்றும் அவள் நினைத்தாள்.

வெள்ளத்துக்கு மறுநாளும், அதற்கு மறுநாளும், மேட்டுப் பெட்டி வெயில் குடித்து எழும்வரை உலார்பெக்குக்கு ஈரம் போகவில்லை. அவன் அப்பாவைக் கூப்பிட்டான். என்ன பேசினார்கள் என்பதை பூபுசாரா பிற்பாடு பஜாரில் பார்த்தபோது சொன்னாள். முதலில் ஈரம் கேட்டானாம். ஈரமா, ஊரே ஈரம் என்றாராம் இவர். அப்புறம் புல் போன கதை, மதகுக் கதை, மரம் சிக்கின கதை, பிறகு அவன் கட்டுகிற கட்டடம் எத்தனை மாடி, அங்கே சாப்பாடு எப்படி. தேநீர் ஆறி, மறுபடி சுட வைத்து, அதுவும் ஆறிப்போனதாம். குளிருக்கு முன்னால் பத்து நாள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறானாம். "வருவானோ மாட்டானோ. சொன்னான், அது போதும்" என்றாள்.

சல்கினாய் இலையுதிர் காலத்தில் சங்கக் கூட்டத்தில் ஒன்றைக் கேட்டாள். ஊரின் மூச்சு முழுவதும் ஒரே ஒரு கம்பத்தின் வழியாக வருவது சரியல்ல, ஆற்றுக்கு அந்தப் பக்கம் எதிர்ச்சரிவில் இன்னொரு கம்பம் வேண்டும், ஒன்று படுத்தால் மற்றொன்று பேசும் என்றாள். எர்மெக்கும் போனில் அதையேதான் சொல்லியிருந்தார். ஒரோசாலி வழக்கம்போல உடனே சரி என்றார். இந்தத் தடவை அதைச் செய்தும் காட்டினார். வசந்தத்தில் எர்மெக் வந்து தங்கி, புதிய பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்.

எதிர்ச்சரிவு கல்சோரோ என்பவருடையது. ஆட்டுப்பட்டி வைத்திருப்பவர். கம்பம் நட்ட மறுவாரமே சல்கினாயைத் தேடி அலுவலகத்துக்கு வந்துவிட்டார். ஊர் முழுவதற்கும் சுமக்கிற பெட்டி தன் நிலத்தில் நிற்கிறது, தனக்கு மட்டும் அதில் ஒன்றும் வருவதில்லை, இது என்ன நியாயம் என்று ஆரம்பித்தார். சல்கினாய் நாற்காலியை இழுத்துப் போட்டாள், மக்சிம் ஊற்றிக் கொடுத்தாள்.

"உக்காருங்க பைகே" என்றாள். "உங்களுக்கு என்ன தெரியணும், எப்பத் தெரியணும், அத முதல்ல சொல்லுங்க."